வெள்ளை மேல் வெள்ளை

வண்டி சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டிய பிறகும் மருதாசலத்தின் காதில் கைதட்டல் ஓயவில்லை. ஒத்திகை முடிந்ததும் மீட்டிங் ரூமில் இருந்த அத்தனை பேரும் தட்டினார்கள், யாரோ மேசையைக்கூடத் தட்டினார்கள், அது மேனேஜராகத்தான் இருக்கும், மரத்தில் மோதிரம் படும் சத்தம் தனியாகக் கேட்டது. கம்பெனி பஸ்ஸில் வலதுபக்கம் ஜன்னலோரம் அவன் இடம். அவனுக்கென்று யாரும் ஒதுக்கவில்லை, ஆனால் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. மடித்த வெண்கோல் கால்களுக்கு நடுவில், மடியில் லேப்டாப். பக்கத்தில் ஷாநவாஸ், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஷாநவாஸ் டெஸ்டிங் பிரிவு, மற்றவர்கள் எழுதும் கணினி நிரலில் தப்பு கண்டுபிடிப்பது அவன் வேலை, உக்கடத்தில் இறங்குவான், மருதாசலம் அதைத் தாண்டி செல்வபுரத்தில். அடுத்த சனிக்கிழமை சென்னையில் மென்பொருள் எழுதுகிறவர்களின் மாநாடு. அங்கே மருதாசலம் பேசவேண்டும். ஒரு பஸ்ஸில் ஒரே ஒரு சீட் மிச்சமிருக்கிறது, கோயமுத்தூரிலிருந்து ஒருவரும் நாகர்கோவிலிலிருந்து ஒருவரும் அதே நொடியில் அதைக் கேட்கிறார்கள், யாருக்குக் கொடுப்பது, கொடுத்துவிட்டோம் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிடாமல் இருப்பது எப்படி. இதுதான் பேச்சு. பத்து வருஷமாக அவன் செய்துகொண்டிருக்கும் வேலை. நன்றாகத்தான் பேசினான் என்று நினைத்துக்கொண்டான். தொண்டை இன்னும் கரகரத்தது. நன்றாகத்தான் பேசியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேசையை ஏன் தட்டுகிறார்கள்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு இன்று இருட்டுவதற்குள் பதில் சொல்லவேண்டும். நிவேதிதா, மாநாட்டை நடத்துகிறவர்களில் ஒருத்தி, பஸ் ஏறும்போதுதான் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. "சார், ஒரு நல்ல செய்தி. உங்களைச் சின்ன ஹால்லேர்ந்து பெரிய ஹாலுக்கு மாத்தலாம்னு இருக்கோம். திறப்பு விழா முடிஞ்ச உடனே நீங்கதான். எண்ணூறு பேர் சார்." அவன் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, சீட்டுப் பிரச்சினையைக் கேட்க எண்ணூறு பேரா என்றான். "சார், அந்த டெக்னிக்கல் விஷயம் வேண்டாம். அது கொஞ்சம் ஹெவியா இருக்கும். உங்க கதையைச் சொல்லுங்க. நீங்க எப்படிப் படிச்சீங்க, எப்படி இந்த இடத்துக்கு வந்தீங்க, அதைக் கேட்டா எங்க எல்லாருக்கும் ஒரு இது வரும்ல." ஒரு இது. அந்த இது என்னவென்று அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மைக் வரைக்கும் தனியாக நடந்து போனதற்கே தட்டினார்கள், பாட வாயைத் திறப்பதற்கு முன்பே. பிறகு பாடினான், சரணத்தில் சுதி விலகியது அவனுக்கே தெரிந்தது, முடிந்ததும் முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம், தப்பாப் பாடினேன்ப்பா என்றான். அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்தவர், இயந்திர இரைச்சலில் பாதிக் காது போனவர், "யாருக்குடா தெரியும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். யாருக்கும் தெரியவில்லையா, தெரிந்தும் தட்டினார்களா, இரண்டில் எது மோசம் என்று அன்றைக்கு அவனால் யோசிக்க முடியவில்லை, இன்றைக்கும் அது அப்படியே கிடக்கிறது. எண்ணூறு பேர். எண்ணூறு பேர் தட்டினால் எப்படிக் கேட்கும், தகரக் கூரையில் மழை விழுவதுபோலவா, ஆசையாகவும் இருந்தது, ஆசையில்லை என்று சொன்னால் பொய். மனைவி கோகிலாவும் குழந்தையும் முன்வரிசையில் உட்காருவார்கள். கோகிலா அதற்காகவே ஒரு நீலச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாள்.

சிவானந்தபுரம் தாண்டியிருக்கும், வேகத்தடைகள் அடுத்தடுத்து வந்து குலுக்கின. இந்த மாநாட்டை அவன் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது, யாரிடமும் சொல்லாத காரணம். பேச விரும்புகிறவர்கள் எழுதி அனுப்பும் சுருக்கத்தை இவர்கள் பெயரை மறைத்துவிட்டுத்தான் தேர்வுக்குழுவுக்குக் கொடுப்பார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, கம்பெனி தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, கண் தெரியுமா தெரியாதா என்பதும் தெரியாது. வாழ்நாளில் முதல்முறையாக அவனும் மற்றவர்களும் ஒரே இருட்டில் நின்றார்கள். தேர்வாகிவிட்டது என்று மெயில் வந்தபோது அதோடு முகம் தெரியாத ஒருவரின் குறிப்பும் வந்தது, அதை, திரையிலிருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் தன் எந்திரக் குரலில் படித்தது: மூன்றாம் பகுதி பலவீனமாக இருக்கிறது, இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அதை அவன் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தான். பலவீனமாக இருக்கிறது. யோசித்ததாகத் தெரியவில்லை. கோகிலா சமையலறையிலிருந்து வந்து, யாராச்சும் திட்டிட்டாங்களா, எதுக்குச் சிரிக்கறீங்க என்று கேட்டாள். உண்மைதான், இந்த ஊரிலிருக்கும் கணினி ஆறு மணி என்று சொல்லும்போது அந்த ஊர்க் கணினி ஆறு அடிக்க இன்னும் ஒரு துளி இருக்கிறது என்று சொல்லலாம், யார் முதலில் கேட்டார்கள் என்பதை மணியை வைத்து முடிவுசெய்ய முடியாது. அவன் அந்தப் பகுதியையே பிரித்துப்போட்டான். மணி வேண்டாம், கிளினிக்கில் நர்ஸ் கொடுப்பதுபோல டோக்கன் கொடுப்போம், ஒரே இடத்திலிருந்து, வரிசை நம்பரில், யார் கையில் சின்ன நம்பரோ அவருக்கு சீட். டோக்கன் கொடுக்கும் கணினி விழுந்துவிட்டால் பக்கத்தில் இன்னொன்று எழுந்து அதன் வேலையைச் செய்யும். இந்த மாதம் முழுக்க அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தான். அதன்பிறகுதான் ஒரு படிவம் வந்தது, மேடையில் உங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்று. திரைவாசிப்பானின் ஒலி என் காதுக்கு மட்டும் கேட்கவேண்டும், மேடைவரை அழைத்துப்போக ஒருவர் வேண்டும் என்று நிரப்பி அனுப்பினான். அத்தோடு இருட்டு கலைந்துவிட்டது. இப்போது பெரிய ஹால்.

கணபதி வந்துவிட்டது, டெக்ஸ்டூல் கம்பெனி பக்கத்துப் பேக்கரியிலிருந்து வறுபட்ட பன் வாசனை ஜன்னலில் ஏறி இறங்கியது. சும்மா இருக்க முடியாமல் லேப்டாப்பைத் திறந்து, ஒற்றைக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, ஸ்லைடுகளை ஒருமுறை ஓடவிட்டான். மாநாட்டுக்காரர்கள் போன வாரம்தான் அவர்களுடைய அச்சை அனுப்பியிருந்தார்கள், எல்லாரும் ஒரே மாதிரி ஸ்லைடில்தான் பேசவேண்டுமாம், பழைய ஸ்லைடுகளிலிருந்து எல்லாவற்றையும் நேற்று அதில் எடுத்து ஒட்டியிருந்தான். அடுத்த வரிக்குப் போகும் விசையைத் தேடிய விரல், வண்டி பள்ளத்தில் இறங்கவும், இன்னொன்றில் விழுந்தது. அது எழுத்தின் அளவையும் நிறத்தையும் சொல்லும் விசை, அவன் அதிகம் தொடுவதில்லை. குரல் தன் வேகத்தில் சொல்லிவிட்டுப் போனது: வொயிட் ஆன் வொயிட். கையை எடுத்தான். மறுபடியும் அழுத்தினான். வொயிட் ஆன் வொயிட். அடுத்த ஸ்லைடு, அதற்கடுத்தது, படம் போட்ட ஸ்லைடு, படத்துக்குள் அம்புக்குறிகள், அம்புக்குறிக்கு மேல் எழுத்து, எல்லாம் வொயிட் ஆன் வொயிட். பழைய ஸ்லைடில் பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை. புதிய அச்சில் பின்னணி வெள்ளை. எழுத்து பழைய வெள்ளையையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வெள்ளை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது, பிறந்ததிலிருந்தே தெரியாது, அது ஒரு சொல். ஆனால் வெள்ளையின் மேல் வெள்ளை என்றால் என்னவென்று தெரியும். மில்லுக்குள் அப்பா பேசுவது அது. வாய் அசையும், ஒன்றும் வெளியே வராது.

இன்று அவன் நாற்பது நிமிஷம் வெற்றுத் திரையைக் காட்டிப் பேசியிருக்கிறான். இந்தப் படத்தில் இடது பக்கம் பார்த்தீர்கள் என்றால், என்று சொன்னானே. சொல்லிவிட்டு அவர்கள் பார்ப்பதற்கு நேரம் கொடுத்துக் கொஞ்சம் நின்றானே. அந்த நிசப்தத்தில் அவர்கள் என்ன செய்தார்கள், இடது பக்கம் பார்த்தார்களா, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களா. அந்த நிசப்தத்தைக் கவனம் என்று நினைத்தான். வலது பக்கம் இன்னொரு கணினி இருக்கிறது, அம்புக்குறி போவதைக் கவனியுங்கள், என்றும் சொன்னான். மேனேஜர் மோதிரக் கையால் மேசையைத் தட்டினார்.

"ஷாநவாஸ்."

"சொல்லுங்ணா." தாளம் நின்றது.

"ஸ்லைடு எப்படி இருந்துச்சு?"

"எந்த ஸ்லைடுங்ணா?"

"மத்தியானம் போட்டனே."

ஷாநவாஸ் காதிலிருந்து எதையோ கழற்றினான். "நல்லா... நீட்டா இருந்துச்சுங்ணா."

"நீட்டாத்தான் இருந்திருக்கும். அதுல ஒன்னுமே இல்லையே."

பின்சீட்டில் யாரோ போனில் தக்காளி வாங்கி வரவா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாநவாஸ் அவசர அவசரமாகப் பேசினான். "மொத ஸ்லைடு வந்தப்ப லோட் ஆகுதுன்னு நெனச்சோம்ங்ணா. சரி வரும், சரி வரும்னு பாத்துட்டே இருந்தோம். அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சு நல்ல ஃப்ளோல போயிட்டீங்க. நடுவுல நிறுத்தினா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல. யாராச்சும் சொல்லுவாங்கன்னு நான் பாத்தேன், நான் சொல்லுவேன்னு அவங்க பாத்திருப்பாங்க."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் எல்லாரும் தட்டிட்டாங்களே."

"உங்க வேலையே தப்புச் சொல்றதுதானுங்க ஷாநவாஸ். சம்பளமே அதுக்குத்தானுங்க உங்களுக்கு."

"எதுக்குங்ணா இப்ப எனக்கு 'ங்க' போடறீங்க" என்றான் ஷாநவாஸ். குரல் சுருங்கியிருந்தது.

மருதாசலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எழுத்தைக் கறுப்பாக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு விசை, பேசிக்கொண்டிருக்கும்போதே செய்து முடித்துவிட்டான், குரலும் பிளாக் ஆன் வொயிட் என்று ஒப்புக்கொண்டது. சரியாகாதது வேறு. மனசில் கிளம்பிய சந்தேகம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது, ஓடி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தது. ஆபீசில் மற்றவர்களின் நிரலுக்கு வாரம் தவறாமல் டெஸ்டிங்கிலிருந்து பக் என்று தப்புப் பட்டியல் வரும், அவனுடையதற்கு எப்போதாவதுதான். அது கவனம், ஒவ்வொரு வரியையும் காதால் தடவித் தடவி எழுதுகிறவனின் கவனம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். அப்படித்தானா. வேலைக்கு எடுத்தபோது இண்டர்வியூவில் ஒரு கேள்வியும் கேட்காமல், உங்களை மாதிரி ஆளுங்க வரணும் சார் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்களே, அன்று வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனான். அந்த நீலச் சட்டை நீலம்தானா. கோகிலாவிடம் எதைப் போட்டுக் காட்டினாலும் நல்லாயிருக்கு என்பாள், ஒருநாள்கூட, இது உங்களுக்குப் பொருந்தலை, கழட்டுங்க என்று சொன்னதில்லை, இருபது சட்டையில் ஒன்றுகூடவா பொருந்தாமல் இருக்கும். போதும், இப்படிப் போனால் சோறு சோறுதானா என்று கேட்கத் தோன்றும். யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்டவர்கள் என்றால் சண்டை போடலாம். எல்லாரும் அவன் கீழே விழுந்துவிடக்கூடாது என்று சுற்றிலும் பஞ்சை அடைத்து வைத்திருக்கிறார்கள், அதற்குள்ளிருந்து கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் பஞ்சு, சுவர் எங்கே என்று தெரியவில்லை. சுவர் தெரியாமல் எப்படி நடப்பது. குச்சி எதன்மேலாவது தட்டவேண்டும், தட்டினால்தான் வழி.

காந்திபுரத்தில் வண்டி நின்று நின்று ஊர்ந்தது, டவுன் பஸ் கண்டக்டர்களின் விசில், பூ விற்கும் குரல்கள், இறங்குகிறவர்கள் ஷாநவாஸின் தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். அவன் போனை எடுத்து நிவேதிதாவுக்கு எழுதத் தொடங்கினான். தவிர்க்க முடியாத காரணத்தால் மாநாட்டுக்கு வர இயலவில்லை. எழுதியதைக் குரல் திருப்பிச் சொன்னது. போகாமல் இருந்தால் இரண்டும் இல்லை, பெரிய ஹாலும் இல்லை, சின்ன ஹாலும் இல்லை. பெரிய ஹாலில் கதையைச் சொன்னால் தட்டுவார்கள், அது நிச்சயம். சின்ன ஹாலில் சீட்டைப் பற்றிச் சொன்னால், அங்கேயும் தட்டுவார்கள், திரை வெற்றாக இருந்தாலும் தட்டுவார்கள், டோக்கன் யோசனை அபத்தமாக இருந்தாலும் தட்டுவார்கள். அப்படியென்றால் அது அபத்தமா இல்லையா என்று அவன் எங்கே போய்த் தெரிந்துகொள்வது. இதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது, இது ஒன்றுதான், தன் வேலை நல்லதா கெட்டதா என்ற செய்தி. அதற்காகத்தான் பெயரை மறைக்கிற மாநாடாகத் தேடிப்பிடித்தான். முகம் தெரியாத அந்த ஒருவர், கடிகாரத்தைப் பற்றிக் கேட்டவர், அவரும் அங்கே உட்கார்ந்திருப்பார். அவன் குச்சியைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறுவதைப் பார்ப்பார். பார்த்தபிறகு அவரும் கேட்கமாட்டார். அனுப்பு என்ற இடத்தின்மேல் விரலை வைத்தான்.

"நான் ஒன்னு சொல்லட்டுங்களா" என்றான் ஷாநவாஸ். ரயில்வே ஸ்டேஷன் அருகே வந்திருந்தார்கள். "மத்தியானம் கேக்கறப்பவே எனக்கு ஒன்னு தோணுச்சு. ஸ்லைடை விடுங்க. பேச்சுல."

"என்ன?"

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு ஷாநவாஸ்."

"அந்த டோக்கன் மெஷின். அது விழுந்தா ரெண்டாவது எந்திரிக்கும்னீங்க. சரி. மொதல்து விழவே இல்லைன்னு வைங்க. நடுவுல ஒயர்தான் அறுந்துபோச்சு. அது உசுரோட, அது பாட்டுக்கு டோக்கன் குடுத்துட்டு இருக்குது. ரெண்டாவது என்ன நெனைக்கும்? சத்தத்தைக் காணோம், செத்துப்போச்சுன்னு நெனச்சு அதுவும் எந்திரிச்சு டோக்கன் குடுக்கும். கோயமுத்தூர்க்காரன் கையிலயும் நூத்திப்பன்னண்டு, நாகர்கோயில்காரன் கையிலயும் நூத்திப்பன்னண்டு. ஒரே சீட். ரெண்டு பேரும் பொட்டியைத் தூக்கிட்டு பஸ்ஸடியில நிப்பாங்க. நீங்க மணி வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு அதே சண்டையை வேற எடத்துல கொண்டுபோய் வெச்சிருக்கீங்க."

மருதாசலம் அறுந்துபோன ஒயரின் இரண்டு முனைகளிலும் மனசுக்குள் நின்று பார்த்தான், இந்தப் பக்கம் ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்று அதைச் செத்ததாக நினைத்து வேலை செய்துகொண்டிருக்கிறது, இரண்டும் யோக்கியமாகத்தான் செய்கின்றன, ஒன்றுக்கொன்று கேட்கவில்லை. இந்த மாதத்துச் சந்தோஷம் முழுவதும் அந்த இடத்தில் பொத்தென்று உள்ளே போனது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, பேச்சில் இவ்வளவு பெரிய ஓட்டை, ஒரு மாதமாகத் தடவிப் பார்த்தும் விரலில் படவில்லை. பயமாக இருந்தது. ஆனால் சற்றுமுன் இருந்த பயத்தைப்போல் இது எல்லாப் பக்கமும் பரவவில்லை, ஒரே இடத்தில் கெட்டியாக நின்றது, அதைத் தொட முடிந்தது, சுற்றிவர முடிந்தது.

"மத்தியானமே ஏன் கேக்கலை?"

"சொன்னேனே, எல்லாரும்..."

"சரி, விடு."

டவுன்ஹால் நெரிசலைக் கடந்து வண்டி உக்கடத்தை நெருங்கியது, குளத்துக் காற்றோடு மீன் மார்க்கெட் வாசனை உள்ளே வந்தது. அனுப்பாத செய்தி விரலடியில் காத்திருந்தபோதே போன் ஒலித்து, நிவேதிதா, சென்னை என்று பெயர் சொன்னது. அவன் எடுத்தான்.

"சார், முடிவு பண்ணிட்டீங்களா? நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுது."

"மேடம், பெரிய ஹால்ல கேள்வி நேரம் உண்டுங்களா?"

"இல்ல சார். அங்க யாரும் குறுக்க எதுவும் கேக்க மாட்டாங்க. நீங்க அதைப் பத்திக் கவலையே பட வேண்டாம்."

"சின்ன ஹால்ல?"

"அங்க பத்து நிமிஷம் உண்டு. ஆனா அறுபது பேர்தான் சார் உட்கார முடியும்."

"அறுபது போதுங்க. பத்து நிமிஷம்தான் பத்தாது. இருபதாக் குடுங்க, என் பேச்சைக் குறைச்சுக்கறேன். அதுல ஒரு ஓட்டை இருக்குதுங்க, இன்னும் அடைபடலை. அடைபடலைன்னா அதையே அங்க வந்து சொல்லிக் கேக்கறேன்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை நின்றது. "அப்ப உங்க கதை சார்? நாங்க ரொம்ப ஆசையா..."

"அதுல யாரும் கேள்வி கேக்கறதுக்கு ஒன்னுமில்லைங்க" என்றான். அவள் ஏதோ யோசித்து, சரி சார் என்றாள். ஏமாற்றம் இருந்தது, அவனுக்குக் கேட்டது. போனை வைத்தபோது தன் குரலும் உறுதியாக இல்லை என்று தெரிந்தது. எண்ணூறு பேர் போனார்கள். கோகிலாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தோன்றியது, பிறகு அறுந்த ஒயர் திரும்ப வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வண்டி ஏறுமுகமாக இழுப்பதை முதுகு உணர்ந்தது.

"நீ இறங்கலையா?"

"உக்கடம் தாண்டிப் பாலத்துல ஏறிடுச்சுங்ணா. நீங்க போன்ல இருந்தீங்க. பரவால்ல, செல்வபுரத்துல இறங்கி ஆட்டோல போய்க்கறேன்."

"ரெண்டாவது மெஷின் எந்திரிக்கறதுக்கு முன்னாடி மொதல்தை ஒருதடவை கூப்பிட்டுப் பாத்தா?"

"ஒயர் இல்லைங்களே, எப்படிக் கூப்பிடும்? பதில் வரலைன்னா செத்ததுக்கும் ஒயர் அறுந்ததுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாதே."

தெரியாது. இந்தப் பக்கமிருந்து எவ்வளவு காது கொடுத்தாலும் தெரியாது. அப்படியானால் இரண்டும் தங்களுக்குள் முடிவுசெய்யக்கூடாது, வெளியிலிருந்து ஒருவர் சொல்லவேண்டும், நீ எழுந்திரு, நீ நிறுத்து என்று. மூன்றாவது ஒன்று. வண்டி செல்வபுரத்தில் நின்றது. ஷாநவாஸ் முன்னால் இறங்கி நின்றான், மருதாசலம் கோலை உதறி நீட்டிப் படியைத் தட்டி இறங்கினான். சாலையோரப் பேக்கரி முன்னால் ஆட்டோ, பைக், யார் யாரோ டீ சொல்லும் சத்தம். பஸ் கிளம்பிப் போனது. இருவரும் நகரவில்லை.

"நடுவுல மூனாவதா ஒன்னை வெப்போம்" என்றான் மருதாசலம். "அது யாரைச் சொல்லுதோ அதுதான் டோக்கன் குடுக்கணும். மத்தது வாயை மூடிக்கணும். அப்ப?"

ஷாநவாஸ் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். மருதாசலம் தலையை ஒருபக்கம் சாய்த்து, அவன் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தான்.

"இல்லைங்ணா" என்றான் ஷாநவாஸ். "அதுவும் வேலைக்கு ஆகாது."